1944 மாடல், ஒரிஜினல், சிங்கிள் ஓனர்

மாமா சாதாரணமாகப் பகல் நேரத்தில் கூப்பிட மாட்டார். பேங்க்கில் இருப்பவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஒரு கொள்கை. அன்றைக்கு மாதக் கடைசி, கவுண்ட்டரில் கூட்டம், போன் அடித்ததும் கொஞ்சம் பயந்துதான் எடுத்தேன்.

"மாப்ளே, வாட்சப்புல ஒண்ணு அனுப்பிருக்கேன் பாரு. வண்டி உங்க ஊர்ப் பக்கந்தான் நிக்குது."

உங்க ஊர் என்று அவர் சொன்னது போடிநாயக்கனூரை இல்லை. பட்டிண்டாவை. பஞ்சாபின் தெற்கு மூலை. கடந்த மூன்று வருடமாக பேங்க் எனக்கு எழுதி வைத்திருக்கும் ஊர். அதற்கு முன்னால் மூன்று வருடம் அசாமில் தின்சுகியா. பி.காம் படித்தால் உலகம் சுற்றலாம் என்று யாரும் அப்போது சொல்லவில்லை :-)

மாமா அனுப்பியது பழைய வண்டிகள் விற்கும் இணையதளத்தில் வந்த ஒரு விளம்பரம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"1944 மாடல் வில்லிஸ் ஜீப். நூறு சதம் ஒரிஜினல். இரண்டாம் உலகப்போர் வண்டி. ராணுவ டிஸ்போசல். சிங்கிள் ஓனர். 32,000 கிலோமீட்டர் ஓடியது. ஷோரூம் கண்டிஷன். விண்டேஜ் பிரியர்கள் மட்டும் அழைக்கவும். ஏழரை லட்சம். நேரில் வந்தால் கொஞ்சம் குறைக்கலாம்."

படத்தில் ராணுவப் பச்சையில் பளபளவென்று ஒரு ஜீப். பானட்டில் பெரிய வெள்ளை நட்சத்திரம்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் வந்தது. ராணுவத்துக்கு ஏதுங்க ஷோரூம்? போருக்குப் போய்வந்த வண்டிக்கு யார் அந்த ஒற்றை ஓனர், ரூஸ்வெல்ட்டா? ஆனால் மாமாவிடம் சிரிக்க முடியவில்லை. காரணம் இருக்கிறது.

என் அம்மாவின் அப்பா போடிமெட்டுக்கு மேலே ஒரு சின்ன ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு ஜீப் இருந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஏலத்தில் எடுத்த ஜீப் என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். அமெரிக்காக்காரன் பர்மா சண்டைக்குக் கொண்டுவந்த வண்டி, வெள்ளைக்காரன் விட்டுப் போனது, தாத்தா மதராசில் போய் எடுத்துவந்தார் என்பது குடும்பத்தின் தலபுராணம். 1977-ல் அம்மா கல்யாணத்துக்காக அதை விற்றார்கள். மாமாவுக்கு அப்போது பதினைந்து வயது. வண்டியை ஓட்டிக்கொண்டு போனவன் பின்னாலேயே சைக்கிளில் போய் சந்தைப்பேட்டை வரைக்கும் அழுதாராம். இதைச் சொன்னது மாமா இல்லை, அம்மா. சொல்லும்போது அம்மாவுக்கும் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும். ஆக, ஜீப் விற்ற காசில் கட்டிய தாலிக்குப் பிறந்தவன் நான். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று வந்த பணத்தில் மிச்சம் இருப்பதை எடுத்து மாமா ஒரு ஜீப் வாங்குகிறேன் என்றால், போய்ப் பார்த்துவிட்டு வா என்றால், போகாமல் இருக்க முடியுமா?

போவதற்கு முன்னால் இரண்டு வாரம் ராத்திரிகளில் உட்கார்ந்து ஜீப்பின் பூர்வீகத்தைப் படித்தேன். கடன் கொடுப்பதற்கு முன்னால் மூலப் பத்திரம் பார்க்கிற புத்தி. படித்ததில் ஒன்று தெரிந்தது. ஜீப்பைப் பற்றிப் பொய்யாக எழுதுவது இணையம் வந்த பிறகு தொடங்கிய வழக்கம் இல்லை. அது ஜீப்போடு கூடவே பிறந்தது.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டது: நாலு சக்கரமும் இழுக்கிற, எடை குறைந்த, சின்ன வண்டி ஒன்று வேண்டும், மாதிரி வண்டிக்குக் கெடு 49 நாள். பதில் போட்டது இரண்டே இரண்டு பேர். அதில் கெடுவை ஒப்புக்கொண்டு செய்து காட்டியது பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த அமெரிக்கன் பாண்ட்டம் என்ற நொடித்துப்போன சின்னக் கம்பெனி. கார்ல் ப்ராப்ஸ்ட் என்பவர் வரைபடம் போட்டார். செப்டம்பர் 23-ம் தேதி வண்டி ராணுவத்தின் ஹோலபேர்ட் முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ராணுவத்துக்கு ரொம்பப் பிடித்துப் போனது. பிடித்ததால் என்ன செய்தார்கள் தெரியுமா? பாண்ட்டத்தின் வரைபடத்தை எடுத்து வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். இத்தனை சின்னக் கம்பெனியால் லட்சக்கணக்கில் செய்ய முடியாது என்பது அவர்கள் கணக்கு. ஒரு பேங்க்காரனாக அந்தக் கணக்கைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை.

போர் முடிவதற்குள் வில்லிஸ் சுமார் 3,60,000, ஃபோர்டு சுமார் 2,80,000 ஜீப்புகளைச் செய்தன. பாண்ட்டம் செய்தது 2,600 சொச்சம். பிறகு அதற்குக் கிடைத்த வேலை ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர்.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே வில்லிஸ் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது, ஜீப்பைப் படைத்தது நாங்கள்தான் என்கிற தோரணையில். அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இது மக்களை ஏமாற்றுகிற விளம்பரம் என்று 1943-ல் வழக்குத் தொடுத்தது. ஐந்து வருடம் விசாரித்து 1948-ல் உத்தரவு போட்டது: ஜீப்பை உருவாக்கியது நாங்கள் என்று வில்லிஸ் இனிச் சொல்லக்கூடாது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதற்குள் உலகம் முழுக்க ஜீப் என்றால் வில்லிஸ், வில்லிஸ் என்றால் ஜீப் என்று ஆகிவிட்டது. 1950-ல் ஜீப் என்ற பெயரையே வில்லிஸ் தன் முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது. இன்றைக்குப் பழைய ஜீப் விளம்பரம் பத்தைப் பாருங்கள். வில்லிஸ் என்று இருக்கும். ஃபோர்டு என்று ஒன்றிரண்டு வந்தால் அதிகம். செய்தவற்றில் பத்துக்கு நாலுக்கு மேல் ஃபோர்டு என்பது விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.

இந்தியாவுக்கு இந்த ஜீப்புகள் வந்தது பர்மா போர்முனைக்காக. நான் வேலை பார்த்த தின்சுகியாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் லேடோ. அங்கே தொடங்கிய மலைப்பாதை வழியாகத்தான் 1945 பிப்ரவரியில் முதல் வாகன அணி சீனாவின் குன்மிங் போய்ச் சேர்ந்தது. போர் முடிந்ததும் உபரி வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. டிஸ்போசல் என்ற சொல் நம் ஊர் மெக்கானிக் ஷெட் வரைக்கும் வந்தது அப்படித்தான். ஆக, தாத்தா கதையில் சொன்ன மாதிரி டிஸ்போசல் ஜீப் வாங்கியவர்கள் இந்த நாட்டில் நிஜமாகவே இருந்தார்கள். எல்லாப் பொய்க்கும் இப்படி ஒரு நிஜம் அடியில் கிடக்கிறது, அதுதான் சிக்கல்.

பழைய ஜீப்பை நல்ல ஜீப் என்று நம்பி வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் பட்டியலில் என் மாமா மாதிரி ஆட்கள் மட்டும் இல்லை. இந்திய அரசாங்கமே இருக்கிறது. 1948, காஷ்மீர் சண்டை நடக்கிறது, ராணுவத்துக்கு அவசரமாக ஜீப் தேவை. லண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த வி.கே.கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறையைத் தாண்டி, அங்கே ஒரு சின்ன நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். மதிப்பு சுமார் 80 லட்சம் ரூபாய், அந்தக் காலத்துப் பணத்தில். வர வேண்டியவை புதுப்பிக்கப்பட்ட பழைய ஜீப்புகள். வந்து சேர்ந்தவை 155. இறக்கிப் பார்த்தால் ஓட லாயக்கில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் என்று இதைத்தான் சொல்வார்கள். அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் ஒரு குழு விசாரித்தது. கடைசியில் 1955 செப்டம்பரில் உள்துறை அமைச்சர் பந்த் இந்த விவகாரம் முடிந்துபோன ஒன்று என்று அறிவித்தார். மேனன் அடுத்த வருடம் மத்திய மந்திரி ஆனார்.

இதில் மேனன் காசு எடுத்தாரா இல்லையா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. எனக்கு உறைத்தது வேறு. 'புதுப்பிக்கப்பட்டது' என்ற ஒரு சொல்லை நம்பி, வண்டியைக் கண்ணால் பார்க்காமல் பெரும்பங்கு பணத்தைக் கொடுத்துவிடுவது. மாமாவும் அதைத்தான் செய்ய இருந்தார். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் போட்டுவிட்டால் வண்டியை நிறுத்தி வைப்பதாக விற்பவர் சொன்னாராம். நல்லவேளை, என்னைக் கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அடுத்த பகுதிதான் ஏமாற்று வேலைக்கு நிலம். பொறுமையாகப் படியுங்கள்.

1945-ல் லூதியானாவில் (பட்டிண்டாவிலிருந்து மூன்று மணி நேரம்) மஹிந்திரா அண்ட் முகமது என்று ஒரு இரும்பு வியாபாரக் கம்பெனி தொடங்கினார்கள். பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதியமைச்சர் ஆனார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே கம்பெனி 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. 1949-ல் வில்லிஸிடமிருந்து 75 ஜீப்புகளைப் பிரித்த நிலையில் இறக்குமதி செய்து பம்பாய் மஜகாவில் கோத்தார்கள். பிறகு பாகங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். அதில் அதிகம் ஓடியது சிஜே3பி என்ற மாடல். அமெரிக்காவில் 1953-ல் வந்து 1968-ல் நின்றுபோனது. இந்தியாவில் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது. காட்டிலாகா, போலீஸ், கலெக்டர், சினிமா வில்லன் எல்லோரும் வைத்திருந்தது அதுதான்.

போர்க்கால ஜீப்புக்கும் சிஜே3பி-க்கும் சக்கரங்களுக்கு இடையிலான நீளம் ஒன்றுதான், 80 அங்குலம். எஞ்சின் அளவும் ஒன்றுதான், 134 கன அங்குலம், நம் கணக்கில் 2.2 லிட்டர். ஆனால் பழைய எஞ்சினில் வால்வு எல்லாம் பக்கவாட்டில். புதியதில் ஒரு வால்வு தலைக்கு மேலே. அதனால் எஞ்சின் உயரம் கூடி பானட்டை மேலே தூக்க வேண்டியதாயிற்று. ஜீப் ஆட்கள் பழையதை லோ பானட் என்றும் இதை ஹை பானட் என்றும் சொல்கிறார்கள். முகத்திலும் வித்தியாசம் உண்டு. போர்க்கால ஜீப்பின் முகப்பில் செங்குத்துப் பிளவுகள் ஒன்பது. (ஆரம்பத்து வில்லிஸில் பட்டை இரும்பைப் பற்றவைத்த முகப்பு. தகட்டில் அழுத்தி வெட்டிய ஒன்பது பிளவு முகப்பு ஃபோர்டின் யோசனை, வில்லிஸும் அதையே எடுத்துக்கொண்டது. பாருங்கள், இன்றைக்கு 'வில்லிஸ் முகம்' என்று நாம் சொல்வதே ஃபோர்டு செய்தது!) 1945-க்குப் பிறகு வந்த சிவிலியன் ஜீப்புகளில் பிளவு ஏழு. பம்பாய் ஜீப்பிலும் ஏழு.

இன்னும் சில அடையாளங்கள் குறித்து வைத்துக்கொண்டேன். போர்க்கால ஜீப் தொழிற்சாலையிலிருந்து வந்தது இடது பக்க ஸ்டியரிங்கோடு மட்டும். பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்ததும் இடதுதான். ஹெட்லைட் முகப்புக்குப் பின்னால் உள்வாங்கி இருக்கும். ஒரு திருகைக் கழற்றி அதை அப்படியே மேலே திருப்பினால் எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும், ராத்திரியில் ரிப்பேர் பார்க்க. பின்பக்கம் திறக்கும் கதவு கிடையாது. மீட்டர் மைலில் ஓடும், கிலோமீட்டரில் இல்லை. சேசிஸில் முன் பம்பருக்குப் பின்னால் குறுக்கே வில்லிஸில் உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்த ப வடிவப் பட்டை. வில்லிஸில் வரிசை எண் எம்பி என்று தொடங்கும், தகட்டில் அடித்து சேசிஸின் இடது பக்கம் உள்ளே பதித்திருக்கும். ஃபோர்டில் ஜிபிடபிள்யூ, அதைச் சேசிஸின் மேலேயே வெட்டியிருப்பார்கள். ஃபோர்டு தன் போல்ட்டுகளில்கூட எஃப் என்று பொறித்தது. செய்தது யார் என்பதில் அத்தனை அக்கறை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மார்கழி மாதம். இங்கே மார்கழி என்றால் கோலமும் பொங்கலும் இல்லை, பத்தடிக்கு முன்னால் லாரி தெரியாத மூடுபனி. வண்டி இருந்தது மண்டி டப்வாலிக்குப் போகிற வழியில் ஒரு கிராமம். டப்வாலி பஞ்சாப் ஹரியானா எல்லையில் இருக்கிறது. திறந்த ஜீப் கட்டுவதற்குப் பேர் போன ஊர். பழைய சேசிஸ் வாங்கி, புதிதாகத் தகடு அடித்து, கேட்கிற எஞ்சின் வைத்து, கேட்கிற நிறத்தில் கொடுப்பார்கள். அங்கே ஷெட் வைத்திருக்கும் ஒருவர் எங்கள் கிளையின் வாடிக்கையாளர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், சர்தார்ஜி, நான் பாஜி என்றுதான் கூப்பிடுவேன். அவரையும் கூட்டிக்கொண்டேன்.

வண்டி படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாமா பார்த்திருந்தால் அங்கேயே பணத்தை எண்ணியிருப்பார்.

ஒன்பது பிளவு சரி. லோ பானட் சரி. ஸ்டியரிங் வலது. கேட்டேன். "இது பிரிட்டிஷ் ராணுவத்துக்காக ஸ்பெஷலாகச் செய்தது சாப்" என்றார் விற்பவர், கண் இமைக்காமல். ஹெட்லைட்டைத் திருப்பிப் பார்த்தேன், திரும்பவில்லை. பின்னால் கதவு இருந்தது. கிலோமீட்டர் மீட்டர். டாஷ்போர்டில் பித்தளைத் தகடு ஒன்று, வில்லிஸ் என்றும் 1944 என்றும் பொறித்து. "இது ஒரிஜினல், தொட்டுப் பாருங்கள்" என்றார். தொட்டேன். தகட்டுக்கு எண்பது வயதா எட்டு மாதமா என்று என் விரலுக்குத் தெரியாது. ஆனால் இந்த மாதிரித் தகடுகளைப் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள் என்பதைப் படித்திருந்தேன்.

பாஜி அதற்குள் கீழே ஒரு சாக்கை விரித்துப் படுத்துவிட்டார். டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் போனது. நானும் குனிந்து பார்த்தேன். முன்னால் குழாய் இல்லை. அப்படியானால் ஃபோர்டா? மேலே ஜிபிடபிள்யூ எண்ணும் இல்லை. பானட்டைத் திறந்தால் பீஜோ டீசல். எண்பதுகளில் மஹிந்திரா ஜீப்பில் வந்த எஞ்சின்.

வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டு பாஜி தனியாக என்னிடம் சொன்னார்: "சேசிஸ் மஹிந்திரா. ஃபௌஜி வண்டிதான், ராணுவத்தில் பற்றவைத்த பிராக்கெட் அடையாளம் இருக்கிறது. பாடி இந்தப் பக்கத்து வேலை. நல்ல வேலை. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். கெட்ட வண்டி இல்லை ஜி. பெயர்தான் கெட்டது."

பெயர்தான் கெட்டது. அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். டப்வாலியில் பாடி கட்டியவர் இதை 1944 என்று சொல்லி விற்றிருக்க மாட்டார், அங்கே எல்லோருக்கும் தெரியும் இது புது வேலை என்று. முதலில் வாங்கியவர் அலங்காரத்துக்கு நட்சத்திரம் வரைந்திருப்பார். அடுத்தவர் தகடு ஒட்டியிருப்பார். மூன்றாவது ஆள் தகட்டைப் பார்த்து விளம்பரம் எழுதியிருக்கிறார். ஒருவேளை அவர் அதை நம்பவும் செய்யலாம். பொய் கை மாறும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் வயது கூடியிருக்கிறது.

ஆர்சி புத்தகத்தையும் பார்த்தேன். அதில்தான் சூட்சுமம். முதல் பதிவு 1987, டிஸ்போசல் என்று குறிப்பு, தயாரித்த வருடம் என்ற இடம் காலி. ராணுவத்தில் ஓடும் வரை வண்டிக்கு ஆர்டிஓ பதிவு கிடையாது, ராணுவ எண்தான். ஏலத்தில் வெளியே வந்த பிறகுதான் சிவில் பதிவு. அதனால் பதிவு வருடத்துக்கும் பிறந்த வருடத்துக்கும் நடுவே நியாயமாகவே ஒரு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்குள் ஐந்து வருடத்தையும் வைக்கலாம், நாற்பத்து மூன்று வருடத்தையும் வைக்கலாம். கேட்க ஆள் இல்லை.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பல வருடம் முன்னால், வேறு மாநிலம், வேறு கிளை. வாடகைக்கு ஓடும் ஜீப் ஒன்றுக்குக் கடன் கேட்டு ஒருவர் வந்தார். மதிப்பீட்டாளர் அறிக்கை பளிச்சென்று இருந்தது. மார்ச் மாதம், டார்கெட் நெருக்கம். வண்டியைப் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். கடன் வாராக்கடன் ஆகி, வண்டியைப் பிடித்து வந்து பார்த்தால் சேசிஸ் எண் வேறு, எங்கள் பேப்பரில் இருப்பது வேறு. மெமோ வாங்கினேன். யாரையும் குறை சொல்ல முடியாது, சோம்பேறித்தனம் என்னுடையது. அன்றிலிருந்து சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்காமல் எந்தப் பேப்பரையும் தொடுவதில்லை.

'ஒரிஜினல்' என்றால் என்ன என்று கோர்ட்டே மண்டையை உடைத்துக்கொண்ட வழக்கு ஒன்று உண்டு. 1929, 1930 இரண்டு வருடமும் பிரான்சில் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த பென்ட்லி கார், ஓல்ட் நம்பர் ஒன் என்று பெயர். அதை ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம். வாங்குபவர் கடைசியில் பின்வாங்கினார்: 1930-ல் ஓடிய காரின் பாகங்கள் இதில் கொஞ்சம்தான் மிச்சம், இது அந்தக் காரே இல்லை என்று. 1990-ல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஓட்டன் சொன்ன தீர்ப்பு என்னவென்றால், பாகங்கள் மாறிக்கொண்டே வந்திருக்கலாம், ஆனால் அந்தக் காரின் சரித்திரம் நடுவே அறுபடவில்லை, எப்போது எது மாறியது என்று தெரிகிறது, ஆகவே அந்தப் பெயருக்கு அது உரிமை உள்ளதுதான். வாங்கியவர் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

நிலத்துக்கு நாம் வில்லங்கச் சான்று பார்க்கிற மாதிரிதான் இது. முப்பது வருடத்துப் பத்திரமும் ஒன்றோடொன்று கோத்து வந்தால் நிலத்தில் வீடு இடிந்து மாறியிருந்தாலும் பரவாயில்லை. கோவை அறுந்திருந்தால் கல்வெட்டே இருந்தாலும் கடன் கிடையாது. போர்க்கால ஜீப்பில் பாகம் பாகமாகப் பார்த்து 'நூறு சதம்' என்று சொல்வதே அபத்தம். வில்லிஸும் ஃபோர்டும் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்ய வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. ஒர்க்‌ஷாப்பில் இதன் எஞ்சின் அதிலும் அதன் கியர்பாக்ஸ் இதிலும் ஏறியது 1945-லேயே நடந்துவிட்டது. 

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. எண்ணில் விஏ என்ற எழுத்து வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கண்காட்சி, பேரணி மாதிரி வேலைக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். மாமா இந்த வண்டியைக் கொண்டுபோய் விண்டேஜ் என்று பதிய நினைத்தால் மூன்றிலும் அடிபடும். முதல் பதிவு 1987 என்பதால் வயசும் போதாது. போடிக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், தமிழ்நாட்டுக்கு மறுபதிவு என்று நின்றால், என்ன நடக்கும் என்று நினைக்கவே எனக்கு வயிறு கலங்கியது.

என்னை உண்மையில் உறுத்தியது இதெல்லாம்கூட இல்லை. அந்தச் சேசிஸ் இந்திய ராணுவத்தில் வேலை பார்த்தது. இந்தப் பஞ்சாபிலேயே, கேம்கரனுக்குப் பக்கத்தில் அசல் உத்தரில், 1965 செப்டம்பரில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியை வைத்துக்கொண்டு அப்துல் ஹமீது பாட்டன் டாங்கிகளை அடித்து உயிரை விட்டார், பரம்வீர் சக்ரா வாங்கினார். நம் ராணுவ ஜீப்புக்கு அப்படி ஒரு சரித்திரம் இருக்கிறது. பட்டிண்டா பக்கம் நிற்கிற வண்டி எந்த ரெஜிமெண்டில் இருந்தது, எந்த மலையில் ஏறியது, நமக்குத் தெரியாது. தேடினால் ஒருவேளை கிடைத்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அமெரிக்க நட்சத்திரம் வரைந்துவிட்டார்கள், இரண்டு மூன்று லட்சம் அதிகம் கிடைக்கும் என்பதற்காக.

அன்றைக்கு ராத்திரி மாமாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

"ஓடுதா?" என்றார் கடைசியில்.

"ஓடுது மாமா. நல்லாவே ஓடுது. ஆனா அது வில்லிஸ் இல்ல. 1944 இல்ல. பம்பாய் வண்டி."

"எங்க அப்பா வச்சிருந்த மாதிரி வண்டின்னு நெனச்சேன்டா" என்று வைத்துவிட்டார்.

பத்து நாள் போன் இல்லை. நான் அம்மாவிடம் கேட்டு, பழைய ஆல்பத்திலிருந்து ஒரு போட்டோவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தாத்தா, பாட்டி, பாவாடை சட்டையில் அம்மா, பானட் மேல் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் மாமா, அவருக்கு ஏழெட்டு வயது. இத்தனை வருடமாக அந்தப் படத்தில் முகங்களை மட்டும் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை மாமாவின் காலுக்குக் கீழே பார்த்தேன். பெரிதாக்கி எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். பானட் உயரம். ஸ்டியரிங் தாத்தா சாய்ந்து நிற்கிற வலது பக்கம்.

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இவனுக்கு எதற்கு இந்த வேலை, தலபுராணத்தில் கை வைக்கிறான் என்று திட்டினால் என்ன செய்வது? கடைசியில் போட்டோவை மட்டும் மாமாவுக்கு அனுப்பி, கீழே ஒரு வரி எழுதினேன்: முகப்பில் எத்தனை பிளவு என்று எண்ணிப் பாருங்க மாமா.

அரை மணி நேரம் கழித்து போன்.

"ஏழு" என்றார்.

"ஆமா மாமா."

"அப்ப அமெரிக்காக்காரன் வண்டின்னு எங்கப்பா சொன்னது?"

"அவருக்கு யார் வித்தாங்களோ, அவங்க சொல்லியிருப்பாங்க மாமா."

கொஞ்சம் சிரித்தார். பிறகு கேட்டார்: "ஏன் மாப்ளே, இந்த ஹை பானட் வண்டி, ஏழு பிளவு, பேப்பர் சுத்தமா இருந்தா, அங்கிட்டு என்ன வெலைக்குப் போகுது? அந்த சர்தார்ஜிகிட்ட கேட்டுச் சொல்லு."

பாஜியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தை பிறந்து பனி விலகட்டும், தேடலாம் என்றிருக்கிறார்.